குடம் தேடிப் போன ஊர்கள்

சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவியும் கையிலிருந்து பித்தளை வாடை போகவில்லை. புக்கிட் மெர்தாஜாமில் நாம் வழக்கமாகச் சாப்பிடும் நாசி கண்டார் கடை. சோறும் மீன் குழம்பும் வந்துவிட்டன. நான் விரல்களை மூக்கருகே வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் கல்லாவிலிருந்தே பார்த்துவிட்டு, "என்னக்கா, மீனு சரியில்லையா?" என்று கேட்டார். மீனுக்கென்ன, நன்றாகத்தான் இருந்தது. "இல்லண்ணே, ஆறட்டும்னு வச்சிருக்கேன்" என்று சமாளித்தேன். எதிர் நாற்காலி காலியாக இருந்தது என்று அவரிடம் போய் எப்படிச் சொல்வது?

அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் நீ இந்த வாடையை எனக்குப் பழக்கினாய். காலையெல்லாம் பழைய சாமான் கடைகளில் பாத்திரங்களைப் புரட்டிவிட்டு வந்து, உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டுவாய். "மோந்து பாரு மைமூனு. பழைய பித்தளை எப்படி வாசமா இருக்கு!" துருப்பிடித்த கேட்டைப் பிடித்த கை மாதிரி இருக்கிறது என்பேன். "உனக்கு மூக்கு எதுக்குடி? பிரியாணிய தவிர எதுவும் ஏறாது" என்பாய். நாசி கண்டார் கடைக்காரர் மகளுக்கு வேறு எப்படி மூக்கு வாய்க்கும் என்று நானும் விடமாட்டேன். இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே சோற்றை முடித்துவிடுவோம்.

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் மட்டும் இன்னும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். என் மகனுக்கு இது கேலி. மருமகளுக்குக் கவலை. "தனியா எங்கம்மா போறீங்க?" என்று வாசல் வரை வந்து கேட்கிறாள். தனியாகப் போவது எனக்கும் பிடிக்கவில்லை என்பதை அவளிடம் சொல்வதில்லை.

போன வாரம் பத்து காவானில் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் ஒருத்தி, கோலாலம்பூர்க்காரி, தேநீர் நேரத்தில் என்னிடம் வந்தாள். "ஆன்ட்டி, ஒரு நாள் போய்ட்டு வர்ற மாதிரி, ஆன்டிக் ஷாப்பிங்குக்கு இங்க நல்ல ஊரு எது?" என்று கேட்டாள். அவ்வளவுதான், எனக்கு வாய் நிற்கவில்லை. ஜார்ஜ்டவுனை விட்டுவிடு, அங்கே சாமான் இருக்கும், சாமானைவிடப் பெரிய விலையும் இருக்கும், சுற்றுலாக்காரர்கள் வாங்கட்டும் என்றேன். ரயில் நிற்கிற ஊராகப் பார், பெரிய மால் இன்னும் வராத ஊராகப் பார், சுற்றுவட்டாரத்தில் ரப்பர் தோட்டங்கள் இருந்து மூடிய ஊராகப் பார் என்றேன். அவள் கைப்பேசியில் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். பாதியில்தான் எனக்கு உறைத்தது, நான் பேசிக்கொண்டிருந்தது முழுக்க உன் பேச்சு. குரல் மட்டும்தான் என்னுடையது.

நல்ல ஊர் எது என்பதில் நமக்குள் ஒத்துப்போனதே இல்லை. உனக்குக் கடை இருந்தால் நல்ல ஊர். எனக்குச் சாப்பாடு இருந்தால் நல்ல ஊர். தைப்பிங்கில் இரண்டும் இருந்ததால் அங்கே போகிற நாளில் மட்டும் சண்டை குறைவு. பாரிட் புந்தாரில் ஒரே ஒரு கடை, அதுவும் கடைக்காரருக்கு மனம் இருந்தால்தான் திறக்கும். ஆனால் நீ அந்த ஊரை விடவே மாட்டாய். கூலிமில் நான் எனாமல் தூக்குச்சட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வெற்றி வீராங்கனை மாதிரி வெளியே வந்தால், நீ உள்ளேயே பாத்திரக் குவியலுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடப்பாய். நான் தூக்குச்சட்டி, கோப்பைத் தட்டு, பழைய கண்ணாடி விளக்கு என்று கண்டதையெல்லாம் பார்ப்பேன். கடைக்காரர்களோடு விலை பேசிச் சண்டை போடுவதே எனக்குப் பாதிச் சந்தோஷம். நீ ஒன்றைத்தான் தேடினாய்.

அந்தப் பெண் என்னிடம் "நீங்க என்ன ஆன்ட்டி தேடுவீங்க?" என்று கேட்டபோது, தூக்குச்சட்டி என்று சொல்லிவிட்டேன். குடத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த கட்டடத்துக்குக் கீழே, அல்லது அந்தக் கார் நிறுத்துமிடத்துக்குக் கீழே, எங்கேயோ உங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடு இருந்தது என்பதையும் சொல்லவில்லை.

நீ குடத்தின் கதையை எனக்கு முதலில் சொன்னது தொழிற்சாலைப் பேருந்தில். அப்போது நாம் இருவரும் ஒரே ஷிப்டு, நீ ஆயர் ஈத்தாமில் ஏறுவாய், நான் டவுனில் ஏறுவேன். உன் அம்மா இறந்தபோது நீ எழுத்துக்கூட்டத் தெரியாத சின்னப் பிள்ளை. அம்மாவின் முகம் நினைவில்லை, ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. நினைவிருந்தது ஒரு பித்தளைக் குடம் மட்டும். வீட்டில் எல்லாரும் அதை அம்மா குடம் என்றுதான் சொல்வார்கள். அதன் கழுத்தில் பெயர் வெட்டியிருந்தது, அந்த எழுத்துப் பள்ளங்களை விரலால் தடவிக்கொண்டே தூங்குவேன் என்று சொன்னாய். நீ எழுதப் படிக்கப் பழகுவதற்குள் லயத்தைக் காலி செய்யும் நேரம் வந்தது. அடுக்குமாடி வீட்டில் இதையெல்லாம் எங்கே வைப்பது என்று உன் அப்பா பித்தளை முழுவதையும் பழைய சாமான் லாரிக்குப் போட்டுவிட்டார். நீ வீட்டுக்கு வந்தபோது குடம் இருந்த இடத்தில் நீல நிற பிளாஸ்டிக் வாளி இருந்தது. "அந்த வாளி மேல எனக்கு இன்னும் கோவம்லா" என்று நீ சொன்னபோது, பேருந்தில் உனக்கு முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு மக பொறந்து, அவளுக்குக் கல்யாணம் ஆகும்போது அந்தக் குடத்தைத்தான் சீரா வைக்கணும். எங்கம்மா வந்து நின்ன மாதிரி இருக்கும்" என்றாய். அப்போது உனக்கு மாப்பிள்ளையே பார்க்கவில்லை. முதலில் உன் கல்யாணத்தைப் பாருடி என்று சிரித்தேன்.

எனக்குக் கார் வாங்கும் யோகம் வந்த பிறகு தேடல் ஆரம்பமானது. அந்த லாரி முதலில் புக்கிட் மெர்தாஜாம் வந்திருக்கும், அங்கிருந்து சாமான் தெற்கே தைப்பிங் ஈப்போவுக்கும் வடக்கே சுங்கை பட்டாணிக்கும் போயிருக்கும் என்று நீ மனதுக்குள் ஒரு பாதை போட்டு வைத்திருந்தாய். துப்பறியும் இலாகா தோற்றுவிடும். கடைக்குள் நுழைந்ததும் குடங்களை வரிசையாக எடுத்து, கழுத்தைத் திருப்பி, பெயரைப் படிப்பாய். முனியம்மா, பாப்பாத்தி, கன்னியம்மா என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துவிட்டுத் திரும்ப வைப்பாய். ஆண் பெயர் இருந்தால் அதைப் பாதியிலேயே கீழே வைத்துவிடுவாய். உனக்கு வேண்டியது ஒரே பெயர். அஞ்சலை.

அது அம்மாவின் பெயர். அம்மா குடத்தில் அம்மா பெயர்தானே இருக்கும்? எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. எங்கள் அத்தா கடையில் சோறாக்கும் தேக்சாக்களில்கூட எங்கள் பெயர்தான் வெட்டியிருக்கும், விசேஷ வீடுகளுக்கு இரவல் போனால் மாறிவிடாமல் இருக்க. பாத்திரம் யாருடையதோ அவர் பெயர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

தைப்பிங்கில் அது கிடைத்த நாளை நான் எப்படி மறப்பேன்? வெளியே நல்ல மழை. ரயில் நிலையம் போகும் வழியில் ஒரு சீனக் கிழவர் கடை, மேலே தகரத்தில் மழை அடித்ததில் நாம் கத்திக் கத்திப் பேசவேண்டியிருந்தது. நான் ஒரு தூக்குச்சட்டிக்கு அவரோடு மலாயில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். உன் சத்தமே இல்லையே என்று திரும்பிப் பார்த்தால், நீ தரையில் உட்கார்ந்திருந்தாய். மடியில் ஒரு குடம். கழுத்தில் கட்டைவிரல். உன் உதடு அசைந்தது, மழையில் கேட்கவில்லை. கிட்டே வந்து பார்த்தேன். அஞ்சலை என்று வெட்டியிருந்தது.

நான் பழக்கதோஷத்தில் விலை பேச வாயெடுத்தேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய் பார், நான் அப்படியே மூடிக்கொண்டேன். கிழவர் சொன்னதைக் கொடுத்தோம். காரில் பின்னால் வைக்கச் சொன்னேன், நீ கேட்கவில்லை. புக்கிட் மெர்தாஜாம் வரும் வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தாய். நானும் அழுதுகொண்டே ஓட்டினேன். எனக்கு யார் அஞ்சலை? ஆனாலும் அழுகை வந்தது.

உன் அம்மாவின் தங்கையான சின்னம்மாவிடம் முதலில் காட்டவேண்டும் என்று நேராக அவர் வீட்டுக்குப் போனோம். சின்னம்மா நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். குடத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இது அக்கா கொடம் இல்லடி."

"சின்னம்மா, பேரப் பாருங்க. அஞ்சலைன்னு இருக்கு."

"அதான் சொல்றேன், இல்லன்னு. நம்ம வீட்டுல வாங்கிக்கிறவங்க பேரு வெட்ட மாட்டாங்கடி. குடுக்குறவங்க பேருதான் வெட்டுவாங்க. அது எங்க அண்ணன் சீரு குடுத்த கொடம். வீராசாமின்னுதான் இருக்கும்." அதோடு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். "உனக்குத் தெரியாதா? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தான். அந்த வீட்டுக்கு எத்தனை தீபாவளிக்குப் போய்ப் பலகாரம் தின்றிருப்போம். ஆனால் தெரிந்த விஷயத்தை யார் கேட்பார்கள்? அம்மா குடத்தில் அம்மா பெயர் இருக்கும் என்பது நமக்குத்தான் அவ்வளவு நன்றாகத் தெரியுமே.

வெளியே வந்து காரில் ஏறினோம். நீ அழப்போகிறாய் என்று நான் டிஷ்யூ பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். நீ சிரிக்க ஆரம்பித்தாய். முதலில் மெதுவாக, பிறகு குலுங்கிக் குலுங்கி. "எத்தன ஆம்பள பேர கீழ வச்சோம்டி! அதுல எங்க மாமா இருந்தாரோ என்னமோ!" என்றாய். நானும் சிரித்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, அது எந்தத் தண்ணீர் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு நீ குடத்தைத் தடவிக்கொண்டு சொன்னாய், "பாவம்லா, இது யாரோ ஒரு அஞ்சலை. அவ மக எங்க தேடிட்டு அலையுறாளோ."

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். நீ மாட்டேன் என்றாய். அந்த மகள் வரும்வரை நம்மிடம் இருக்கட்டும் என்று வீட்டுக்குக் கொண்டுபோய், சாமி அறைக்கு வெளியே துடைத்து வைத்தாய். தைப்பிங் கிழவரிடம் உன் எண்ணைக் கொடுத்து, யாராவது கேட்டு வந்தால் கூப்பிடச் சொன்னாய். யாரும் கூப்பிடவில்லை. அதற்கப்புறம் நீ சொன்னதுதான் என்னை மலைக்க வைத்தது. "சரி மைமூனு, மறுபடி மொதல்லேர்ந்து."

மறுபடியும் அதே ஊர்கள். பாரிட் புந்தார், கூலிம், தைப்பிங், ஈப்போ. இந்த முறை ஆண் பெயர்கள். பார்த்து வைத்த குடங்களில் பாதி விற்றுப் போயிருந்தன. முன்பு எந்தக் கடையில் எந்தப் பெயரைக் கீழே வைத்தோம் என்று நினைவுபடுத்திப் பார்ப்போம், எனக்கு அங்கே சாப்பிட்டதுதான் நினைவுக்கு வரும். ஒரு முறை வீரா என்று பார்த்ததும் நீ என் கையைப் பிடித்து நசுக்கினாய். தூசியைத் துடைத்தால் வீராயி. "ஆம்பள பேரு தேடும்போதுதான் பொம்பள பேரு வருது" என்று தலையில் அடித்துக்கொண்டாய்.

சிறுநீரகம் கெட்டுப்போய் டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகும் ஞாயிற்றுக்கிழமையை நீ விடவில்லை. பிறகு படியிறங்க முடியவில்லை. அப்போது நான் தனியாகப் போய், கடைக்குள் நின்று உனக்கு வீடியோ கால் போடுவேன். கட்டிலில் சாய்ந்துகொண்டு நீ அங்கிருந்து அதிகாரம் செய்வாய். "அந்த மூலைல இருக்குறத காட்டு. திருப்பு. கழுத்த காட்டுடி, உன் மூஞ்சி எனக்கு எதுக்கு?" கடைக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். உன் குரல் அந்தப் பாத்திரங்களுக்குள் பட்டு எதிரொலிக்கும். கடைசியாக ஈப்போவில் நின்றபோது, நான் இன்னும் பாதிக் குவியல்கூடக் காட்டியிருக்கவில்லை, "போதும் மைமூனு, நீ போய் சாப்பிடு" என்றாய். நீ எப்போதும் என்னைச் சாப்பிட விடாமல் இழுப்பவள். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

உன்னைக் குளிப்பாட்டத் தண்ணீர் மொண்டது அஞ்சலையின் குடத்தில்தான். உன் வீட்டில் இருந்த பித்தளைக் குடம் அது ஒன்றுதான். நான் கூட்டத்துக்கு வெளியே, மாடிப்படி ஓரத்தில் நின்று பார்த்தேன். அந்த அஞ்சலைக்கு மகள் இருந்தாளோ இல்லையோ, அந்தக் குடம் உனக்கு ஒரு தாய் செய்யவேண்டியதைச் செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அதற்கு எடுத்த குடத்தைக் கல்யாணச் சீரில் வைக்கமாட்டார்களாம். உன் நாத்தனார் சொன்னார்.

உன் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை சுங்கை பட்டாணிப் பையன், நல்லவன், என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறான். நாள் குறித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எப்படியாவது வீராசாமியைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஊர் ஊராக ஓடினேன். இன்று காலை புக்கிட் மெர்தாஜாம்தான் கடைசி என்று முடிவு செய்திருந்தேன், இனி நாளில்லை. அங்கும் இல்லை.

சாப்பிட்டும் சாப்பிடாமலும் எழுந்து, பாலம் தாண்டி, ஜார்ஜ்டவுன் இருக்கும் தீவுக்கு வந்தேன். லிட்டில் இந்தியாவில் பாத்திரக்கடை வாசலில் உன் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

"கெடைச்சிச்சா ஆன்ட்டி?" என்று கேட்டவள், என் முகத்தைப் பார்த்ததும், "பரவால்லலா. புதுசு வாங்கிக்கலாம்" என்று என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

குடங்களை அவள் நகத்தால் சுண்டிப் பார்த்தாள். தலையைச் சாய்த்து அந்த ஓசையைக் கேட்டாள். அப்படியே நீ. நான் எவர்சில்வர் தட்டுகளைப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நல்ல குடமாக ஒன்றை எடுத்தோம். கடைக்காரர் பெயர் வெட்டும் மெஷினை இழுத்து வைத்துக்கொண்டு, "யாரு பேரு போடணும்?" என்று கேட்டார். நான் வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். உன் பெயரைச் சொன்னேன்.

"இல்லண்ணே, அது வேணாம்" என்றாள் உன் மகள்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "ஏன்டி வேணாம்? இது உங்கம்மா குடுக்க வேண்டிய கொடம்."

"அம்மா வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாதா ஆன்ட்டி? குடுக்குறவங்க பேருதான் போடணும். தாய்மாமா குடுக்கணும். எனக்கு மாமா இல்ல. அம்மாவுக்குக் கூடப் பொறந்தவங்க யாரு இருக்கா, உங்கள விட்டா?" கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "மைமூன்னு போடுங்கண்ணே."

கடைக்காரர் அவள் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், என் முக்காட்டைப் பார்த்தார். "கல்யாணச் சீருதானே? சரியாத்தான் சொல்றீங்களா, அக்கா?" என்று என்னைக் கேட்டார். எத்தனை ஊரில் எத்தனை கடைக்காரர்களோடு மல்லுக்கு நின்றவள் நான். இன்று தலையை மட்டும் ஆட்டினேன். மெஷின் கிர்ரென்று ஓடியது. வெட்டி முடித்துக் கட்டைவிரலால் தூளைத் துடைத்தார், குடத்தின் கழுத்தில் என் பெயர் பளபளவென்று இருந்தது. வெறும் குடமாகக் கொடுக்கக்கூடாது என்று ஒரு கற்கண்டுப் பொட்டலத்தை உள்ளே போட்டுக் கொடுத்தார். உன் மகள் அதை வாங்கவில்லை. "இப்ப வேணாம் ஆன்ட்டி. கல்யாணத்தன்னிக்கி நீங்கதான் தூக்கிட்டு வரணும்" என்றாள்.

வரும் வழியில் காரில் ஒன்று தோன்றியது. இந்தக் குடமும் ஒரு காலத்தில் எங்கேயாவது ஒரு ஊர்க் கடையில் போய்க் கிடக்கும். அப்போது ஒருத்தி இதன் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, யாரோ மைமூன் வீட்டுக் குடம், பாவம், அவள் பிள்ளைகள் தேடுவார்களோ என்று நினைப்பாள். இல்லையம்மா, இது வேறு வீட்டுக் குடம் என்று சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். இதை உன்னிடம் சொல்லியிருந்தால் கார் குலுங்கச் சிரித்திருப்பாய். நான் கொஞ்சம் சிரித்துப் பார்த்தேன், தனியாகச் சிரிப்பது நன்றாக இல்லை.

கல்யாணம் முடிந்ததும் மறுபடி தைப்பிங் போவேன். உன் மாமா எங்கேயோ ஒரு கடையில் காத்துக்கொண்டுதான் இருக்கிறார், அவரை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. அதற்கு முன்னால் அடுத்த மாதம் ஒரு காலையில், நாதஸ்வரத்துக்கு நடுவே, எல்லாரும் பார்க்க, உன் வீட்டுச் சீரை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் மண்டபத்துக்குள் நடந்து வரவேண்டும். குடம் ஒன்றும் கனமில்லை. மேடையில் பெண்ணுக்குப் பக்கத்தில் நீ நிற்கவேண்டிய இடத்தைப் பார்க்காமல் எப்படி நடப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.